ஐந்து முறை உரோமைக்குச் சென்ற பெண் மருத்துவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் அச்சு வடிவம்)



விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஒருவர் பெயர் சிப்ரா, மற்றவர் பூவா. எபிரேயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி எகிப்திய மன்னன் இவர்களுக்குக் கட்டளையிடுகிறான். இவர்கள் கடவுளுக்கு அஞ்சி, குழந்தைகளை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மன்னன் அழைத்துக் கேட்கும்போது, எபிரேயப் பெண்கள் உடல் வலுவுள்ளவர்கள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்புகிறார்கள். இதை வாசிக்கும்போது நாம் கவனிக்காமல் போகிற ஒன்று உண்டு. அந்த மன்னனின் பெயரை விவிலியம் சொல்லவில்லை. பார்வோன் என்பது பட்டம்தான். அவன் எந்தப் பார்வோன் என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரசவம் பார்த்த இரண்டு பெண்களின் பெயரோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இருந்தும் என்ன? மோசேயின் பெயரைக் கேட்டால் நம் மறைக்கல்வி மாணவர்கள் எல்லாரும் கை தூக்குவார்கள். சிப்ராவைக் கேட்டால் பெரியவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எழுதப்பட்ட பெயரையே நாம் மறந்துவிடுகிறோம் என்றால், எழுதப்படாத பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அதே பிரசவ வேலைக்காகப் போராடிய மூன்று பெண்களைப் பற்றிச் சிந்திப்போம். ஆக்னஸ் மெக்லாரன், அன்னா டெங்கல், மேரி குளோரி. மூவரும் மருத்துவர்கள். மூவரும் வேறு நாடுகளில் பிறந்து, இந்திய மண்ணின் பெண்களுக்காக உழைத்தவர்கள். இவர்களுக்குக் குறுக்கே நின்றது பார்வோனின் கட்டளை அல்ல. நம் திருஅவையின் சட்டம்தான் நின்றது. அதனால்தான் இந்த வரலாற்றை நாம் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிலைமையைப் புரிந்துகொள்வோம். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டில் பல குடும்பங்களில் பெண்களை அந்நிய ஆண் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. பிரசவம் சிக்கலானாலும் ஆண் மருத்துவர் உள்ளே வர முடியாது. திண்டிவனத்தில் நடந்ததை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இளம்பெண் ஐடா ஸ்கட்டர் தன் தந்தையோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்க ஐடாவை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. மருத்துவரான தன் தந்தை வருவார் என்று சொன்னபோது, ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது, வேலூர் மருத்துவமனையை உருவாக்கியது.

ஐடா ஸ்கட்டர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர்களிடம் அப்போதே பெண் மருத்துவ மறைப்பணியாளர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கராகிய நம்மிடம் ஆயிரக்கணக்கில் கன்னியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட மருத்துவராகப் பணிபுரிய வழியில்லை.

ஏன் வழியில்லை? இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1215ஆம் ஆண்டு நடந்த நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் கத்தி வைத்து அறுவை செய்யக் கூடாது என்று தடை விதித்தது. பலிபீடத்தில் நிற்க வேண்டிய கை இரத்தத்தில் தோயக் கூடாது, குரு தன் கடமையை விட்டுவிட்டு வைத்தியம் செய்து சம்பாதிக்கப் போகக் கூடாது என்கிற எண்ணம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான எண்ணம்தான். பின்னர் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்கிற தடை துறவறத்தாருக்கும் வந்து சேர்ந்தது. 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதை உறுதிப்படுத்தியது. கன்னியர் நோயாளிகளைப் பராமரிக்கலாம், புண்ணுக்கு மருந்து கட்டலாம். மருத்துவராகத் தொழில் செய்வதென்றால் உரோமையின் தனி அனுமதி வேண்டும். பிரசவ அறையோ, கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குப் பொருந்தாத இடம் என்று கருதப்பட்டது. கன்னி மரியா பெற்றெடுத்த குழந்தையை வணங்குகிற நாம் இப்படி நினைத்தோம் என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது. அன்று யாருக்கும் அது வியப்பாகத் தெரியவில்லை.

ஒருவருக்குத் தெரிந்தது. அவர் பிறப்பால் கத்தோலிக்கரும் அல்ல.

ஆக்னஸ் மெக்லாரன் 1837இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை டங்கன் மெக்லாரன் அந்நகரின் பெரிய அரசியல்வாதி, நாடாளுமன்ற உறுப்பினர். ஆக்னஸ் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் ஒருவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். பெண்ணுக்கு இடமில்லை என்று சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கதவை மூடியது. பிரான்சு நாட்டின் மோன்பெல்லியே நகருக்குப் போனார். அங்கே அவர் தங்கியது பிரான்சிஸ்கன் சகோதரிகளின் மடத்தில். கத்தோலிக்கக் கன்னியரோடு அவருக்கு ஏற்பட்ட முதல் நெருக்கம் அதுவே. 1878இல், 41ஆம் வயதில், அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் வீடுகளில் 41 வயதுப் பெண்ணைப் பார்த்து இனிமேல் உனக்கு எதற்கம்மா படிப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

பல ஆண்டுகள் தென்பிரான்சில் மருத்துவம் பார்த்தார். கத்தோலிக்கத் திருஅவையில் அவர் சேர்ந்தது 1898இல், 61ஆம் வயதில். அந்த வயதில் ஓய்வாகச் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருடைய உண்மையான வேலையோ அதன் பிறகுதான் தொடங்கியது.

ராவல்பிண்டியில் (அப்போது அது பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்தது, இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) இஸ்லாமியப் பெண்கள் திரைக்குப் பின்னால் மருத்துவம் இல்லாமல் இறக்கிறார்கள் என்கிற செய்தி அவருக்கு அங்கிருந்த மறைப்பணியாளர் வழியாக எட்டியது. அவர் இலண்டனில் ஒரு குழுவை அமைத்துப் பணம் திரட்டினார். 72ஆம் வயதில் கடல் கடந்து ராவல்பிண்டிக்கே வந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகப் புனித கத்தரீன் மருத்துவமனை உருவாயிற்று. அதைக் கவனித்துக்கொண்டவர்கள் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். நம் உதகமண்டலத்தில் 1877இல் தொடங்கிய சபைதான் அது. கட்டடம் வந்தது, கட்டில் வந்தது, சகோதரிகள் வந்தார்கள். மருத்துவர்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் மருத்துவரை அழைத்து வந்தால் சில காலம் இருப்பார், திருமணமோ உடல்நலமோ ஏதோ ஒரு காரணத்தால் திரும்பிவிடுவார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கக் கூடியவர்கள் கன்னியர் மட்டுமே. அந்தக் கன்னியரே மருத்துவராக வேண்டும் என்று ஆக்னஸ் முடிவுக்கு வந்தார். அதற்கு உரோமை சட்டத்தை மாற்ற வேண்டும்.

அவர் உரோமைக்குப் போனார். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. புதிதாகத் திருஅவையில் சேர்ந்த, முதிர்ந்த, பொதுநிலையினரான ஒரு பெண், கர்தினால்களின் அலுவலகங்களில் காத்திருந்து, பிரசவ வலியில் சாகும் பெண்களைப் பற்றிப் பேசுவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஐந்து முறையும் அவர் கேட்டது கிடைக்கவில்லை.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நீதி கேட்ட கைம்பெண்ணை இயேசு நமக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். ஆக்னஸை நினைக்கும்போது அந்தக் கைம்பெண்தான் நினைவுக்கு வருகிறார். (உரோமையை அந்த நேர்மையற்ற நடுவரோடு ஒப்பிட்டுவிட்டோம் என்று ஆயர் இல்லத்தில் போய் யாரும் சொல்லிவிட வேண்டாம்!) ஒரு வேறுபாடு உண்டு. உவமையில் வரும் கைம்பெண்ணுக்குத் தன் வாழ்நாளிலேயே தீர்ப்புக் கிடைத்தது. ஆக்னஸ் மெக்லாரன் 1913 ஏப்ரல் 17 அன்று பிரான்சின் அன்டீப் நகரில், 75ஆம் வயதில் இறந்தார். சட்டம் அப்படியே இருந்தது. மருத்துவமனையில் நிரந்தர மருத்துவர் இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் அது ஒரு தோல்வி.

ஆனால் இறப்பதற்குமுன் அவர் ஓர் இளம்பெண்ணுக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார்.

அன்னா டெங்கல் 1892இல் ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில், ஸ்டீக் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தாயை இழந்தவர். தாயில்லாத குழந்தையின் துயரம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தியப் பெண்களின் நிலையையும் ஆக்னஸின் முயற்சியையும் அறிந்து, நான் வருகிறேன் என்று எழுதினார். ஆக்னஸின் பதில் மிகவும் நடைமுறை சார்ந்தது. ஆஸ்திரியாவில் வாங்கும் பட்டம் ஆங்கிலேய ஆட்சியில் இருக்கும் இந்தியாவில் செல்லாது. ஆகவே அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போய்ப் படி என்று வழி சொன்னார். இருவரும் நேரில் சந்திப்பதற்கு முன்பே ஆக்னஸ் இறந்துவிட்டார். ஒருவரை ஒருவர் கடைசிவரை பார்க்கவில்லை.

அன்னா தயங்கவில்லை. கார்க் சென்றார். சிறிது காலத்தில் முதல் உலகப் போர் வந்தது. ஆஸ்திரியக் குடிமகளான அவர், ஆங்கிலேய ஆட்சியின் கண்ணில் எதிரி நாட்டவர். அந்த நிலையிலேயே படித்து 1919இல் மருத்துவரானார். 1920இல் ராவல்பிண்டி வந்து சேர்ந்தார். ஆக்னஸ் கட்டிய மருத்துவமனை கடைசியில் தன் மருத்துவரைப் பெற்றது.

அங்கே அவர் கண்டது என்ன? ஒரே ஒரு மருத்துவர், முடிவில்லாத வரிசை. ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அவர் களைத்துப்போனார். துறவறத்தில் சேரும் அழைத்தலும் அவர் உள்ளத்தில் இருந்தது. ஆனால் எந்தச் சபையில் சேர்ந்தாலும் மருத்துவத் தொழிலை விட வேண்டியிருக்கும். மருத்துவம் வேண்டுமென்றால் துறவறத்தை விட வேண்டும். இரண்டும் கடவுள் தந்தவை என்று அவருக்குத் தோன்றியது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை உதறுவது எப்படி?

ராவல்பிண்டியில் நான்காண்டுகள் பணிபுரிந்தபின் அவர் ஐரோப்பா திரும்பி, பிறகு அமெரிக்கா சென்றார். 1925 செப்டம்பர் 30 அன்று, வாஷிங்டன் நகரில், நான்கு பெண்கள் ஒரு குழுவாக வாழத் தொடங்கினார்கள். அன்னாவோடு சேர்த்து இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள். சட்டப்படி அவர்கள் கன்னியர் அல்ல. பொது வார்த்தைப்பாடு எடுக்க அனுமதி இல்லை. ஆனால் கன்னியரைப் போலவே வாழ்ந்தார்கள், சேர்ந்து செபித்தார்கள், மருத்துவமும் பார்த்தார்கள். அதுவே மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையின் தொடக்கம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அன்னா சட்டத்தை மீறவில்லை. சட்டத்தை ஏற்றுக்கொண்டு வேலையைக் கைவிடவும் இல்லை. சட்டம் எதுவரை அனுமதிக்கிறதோ அதுவரை போய், அந்த எல்லையில் வீடு கட்டிக்கொண்டு, கதவு திறக்கும் வரை வேலை செய்துகொண்டே காத்திருந்தார். பதினோரு ஆண்டுகள். கோபித்துக்கொண்டு திருஅவையை விட்டுப் போவது எளிது. வாயை மூடிக்கொண்டு இருப்பதும் எளிது. பக்தி என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் என்று நம் பெண்களுக்கு நாம் நெடுங்காலம் கற்பித்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. இந்தப் பெண்கள் இரண்டு எளிய வழிகளையும் எடுக்கவில்லை.

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் காலம். மறைபரப்பு நாடுகளில் கன்னியர்கள் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவப் பணி செய்யலாம், பிரசவம் பார்க்கலாம், அதற்காக மருத்துவப் பட்டம் படிக்கலாம் என்று உரோமை அறிவித்தது. ஆக்னஸ் கண்மூடி 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்னாவும் தோழியரும் அதன்பின் முறையான துறவியரானார்கள். இன்று நம் நாட்டில் மருத்துவரான அருள்சகோதரியைப் பார்த்தால் யாருக்கும் வியப்பில்லை. 1936க்கு முன்னர் அது நடக்க வேண்டுமென்றால் உரோமை தனி அனுமதி தந்தாக வேண்டும்.

அப்படித் தனி அனுமதி பெற்ற ஒருவர் இருந்தார். அவர்தான் மூன்றாமவர், நமக்கு இன்னும் அருகில் வாழ்ந்தவர்.

மேரி குளோரி 1887இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தார். 1910இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நல்ல வருமானம், நல்ல பெயர். 1915இல் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்த பிறகு ஒரு சிறு நூலை வாசித்தார். அது ஆக்னஸ் மெக்லாரனைப் பற்றியது. இந்தியாவில் தாய்மாரும் குழந்தைகளும் மருத்துவமின்றி இறப்பதையும் அது சொன்னது. அன்றே தன் வழி எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் இறந்துபோன, தோற்றுப்போனதாகத் தோன்றிய ஒரு பெண்ணின் வாழ்வு, பூமியின் மறுமுனையில் இன்னொரு பெண்ணை எழுப்பியது. (பங்குச் செய்தி மடலை வாசிக்காமல் மடித்து விசிறியாக வைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

அவர் அவசரப்படவில்லை. மகப்பேறு, கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பை முடித்தார். 1920இல் ஆந்திராவின் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் தந்த தனி அனுமதியால் துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். தெலுங்கு கற்றார். நாட்டு மருந்துகளையும் கற்று, பயன் உள்ளவற்றைக் கையாண்டார். உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவப் பணியைக் கற்றுக்கொடுத்தார். சிறிய மருந்தகமாக இருந்தது புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது.

1943 ஜூலை 29 அன்று அவரோடு சேர்த்து 16 அருள்சகோதரிகள் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம். நாடு முழுவதும் சுமார் 3,500 மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பிற நிறுவனங்களும் அதில் உறுப்பினர்கள். மலைக்கிராமத்தில் ஒரு சகோதரி ஒரே அறையில் நடத்தும் மருந்தகமும் அதில் உண்டு. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது மேரி குளோரியின் பெருங்கனவு. 1957இல் புற்றுநோயால் பெரிதும் துன்புற்று, பெங்களூரில் அவர் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1963இல், அதே பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தமிழகத்திலிருந்து எத்தனையோ அருள்சகோதரிகள் அங்கே படித்து மருத்துவரானார்கள். 2013இல் திருஅவை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது.

எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம், வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே, தொலைவிலிருந்து அதைக் கண்டு வாழ்த்தி இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆக்னஸ் சட்டம் மாறுவதைப் பார்க்கவில்லை. மேரி கல்லூரியைப் பார்க்கவில்லை. அன்னா டெங்கல் ஒருவர்தான் விதைத்ததின் விளைச்சலைக் கண்ணால் கண்டார். அவருடைய சபை ராவல்பிண்டி, பாட்னா, டெல்லி என்று திருக்குடும்ப மருத்துவமனைகளை எழுப்பியது. 88 வயது வரை அவர் வாழ்ந்தார்.

நம் பங்குகளில் மாற்றம் கேட்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். குடித்து அடிக்கிற கணவனைப் பற்றி அன்பியக் கூட்டத்தில் சொல்லி, பொறுத்துப் போம்மா என்ற பதிலைப் பெற்றவர்கள். கைம்பெண் என்பதால் தன் மகளின் திருமணத்தில் பின்வரிசையில் நிறுத்தப்பட்டு, இது எந்த நற்செய்தியில் இருக்கிறது சாமி என்று கேட்டவர்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போது, மறுபடியும் இந்த அம்மாவா என்று நாம் முகம் சுளிக்கிறோம். உரோமையிலும் ஐந்தாவது முறை ஆக்னஸ் வாசலில் வந்து நின்றபோது சிலருக்கு அப்படித் தோன்றியிருக்கக் கூடும். அவர் கேட்டது சரி என்று திருஅவை பின்னர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. ஐந்தாவது முறை வருகிறவரை நாம் எப்படி வரவேற்கப் போகிறோம் என்பதைப் பங்குப்பேரவையிலும் அன்பியங்களிலும் இம்மாதம் பேசுவோம். பேசும் இடத்தில் பெண்களும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. அன்னா டெங்கல் 1980இல் உரோமையில் காலமானார். நாள் ஏப்ரல் 17. ஆக்னஸ் மெக்லாரன் இறந்ததும் அதே ஏப்ரல் 17தான். உயிரோடு இருக்கையில் ஒருநாளும் சந்திக்காத இருவர். அடுத்த ஏப்ரல் 17 அன்று காலைத் திருப்பலியில் இருவர் பெயரையும் சொல்லி மன்றாடுவோம். பிரசவம் பார்க்கும் செவிலியர்களும், கிராமங்களில் இன்னும் இருக்கிற மருத்துவச்சிப் பாட்டிமார்களும் அன்று முன்வரிசைக்கு வாருங்கள். சிப்ரா, பூவாவின் வாசகத்தை உங்களில் ஒருவர் வாசிக்க வேண்டும்.